பொக்கற்றுக்குள் ஒரு பியூஸ்

1

எனக்கு என் தம்பி மேல் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் பனியில் தொடங்கி, ஊரைச் சுற்றி, கடைசிப் பந்தியில்தான் மனதில் உள்ளதைச் சொல்வார்கள். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. தம்பி குகன் எனக்கு ஒரு குற்றமும் செய்யவில்லை. செய்திருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம்.

இதை எழுதுகிற இடம் கொழும்பில் வெள்ளவத்தை. காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில், குகனின் குசினி மேசை. கனடாவிலிருந்து நானும் மகள் மதுராவும் மூன்று வார லீவில் வந்திருக்கிறோம். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. நான் கொழும்பை விட்டுப் போய் இந்த மாதத்தோடு இருபது வருடம். கூடப் படித்த ஒருவர், தான் நடத்தும் சிறு பத்திரிகைக்கு, "இருபது வருசத்தைப் பற்றி ஏதாவது எழுதித் தா மச்சான்" என்று கேட்டார். தலைமுறை இடைவெளி, தாய்மொழி என்று ஏதாவது எழுதலாம் என்றுதான் பேனையை எடுத்தேன். ஆனால் இந்த நிமிடம் படிக்கட்டில் இரண்டு பேர் சிரித்துக்கொண்டு இறங்குகிற சத்தம் கேட்கிறது. என் மகளும் என் தம்பியும். சந்திக் கடையில் சுடச்சுட வடை போடுகிற நேரமாம்.

"நானும் வரட்டோ?" என்று கேட்டேன்.

"நீங்கள் ரெஸ்ற் எடுங்கோ அப்பா" என்றாள் மதுரா.

இருபது வருடமாக எல்லோரும் என்னை ரெஸ்ற் எடுக்கத்தான் சொல்கிறார்கள்.

2

ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ரொட்டித் தொழிற்சாலையில் நான் மின் பராமரிப்பு வேலை செய்கிறேன். மா குழைக்கும் இயந்திரம், பொங்க வைக்கும் அறை, சுடும் போறணை, வெட்டி உறையில் போடும் இயந்திரம் என்று ஒரு முனையில் மாவாகப் புகுந்தது மறுமுனையில் பாணாக வரும் வரை எல்லாம் கரண்டில் ஓடுகிறது. எது நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பாண் நிற்காது. ஆகவே நாங்களும் நிற்பதில்லை. இரண்டு நாள் பகல், இரண்டு நாள் இரவு, ஒவ்வொன்றும் பன்னிரண்டு மணித்தியாலம். பிறகு நாலு நாள் லீவு. அந்த நாலு நாளில் முதலாவது நித்திரையில் போகும். கடைசி நாள் அடுத்த ஷிப்டை நினைத்து முகத்தை நீட்டிக்கொண்டிருப்பதில் போகும்.

இந்த வேலையை எடுக்க நான் பட்ட பாடு தனிக் கதை. கொழும்புக்குப் பக்கத்துக் களனியில் எட்டு வருடம் செய்த வேலைக்குக் கனடாவில் மதிப்பில்லை. கடிதம் கொண்டு வா என்றார்கள். கொண்டுபோனேன். மொழிபெயர்ப்பில் முத்திரை இல்லை என்றார்கள். இங்கே குகன் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்கு அலைந்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் முத்திரை குத்தி அனுப்பினான். முத்திரை தெளிவில்லை என்று திரும்பி வந்தது. திரும்பவும் போனான். கடைசியில் எல்லாக் கடிதத்தையும் ஒரு கோப்பில் போட்டுவிட்டு, முதலிலிருந்து பரீட்சை எழுது என்றார்கள். எழுதினேன். பாஸ் பண்ணினேன். முதல் வாரம் வேலைக் குறிப்புப் புத்தகத்தில், எரிந்துபோன ஒரு மோட்டரைப் பற்றி, அது காலமாகிவிட்டது என்று பொருள்படும் ஆங்கிலத்தில் எழுதிவைத்தேன். அடுத்த ஷிப்ட்காரர்கள் அதன் மேல் ஒரு பூ வைத்திருந்தார்கள்.

வீட்டில் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு ஷிப்ட் கலண்டர் தொங்கும். மதுராவுக்கு ஏழு வயதிலிருந்து அவள்தான் அதற்கு நிறம் தீட்டுகிறவள். பகல் மஞ்சள், இரவு நீலம், லீவு வெள்ளை. நீல நாட்களில் நான் நிலக்கீழ் அறையில் கறுப்புத் திரையை இழுத்துவிட்டுப் பகலில் படுப்பேன். அந்த நேரம் வீட்டில் கிரைண்டர் போடக்கூடாது, படியில் ஓடக்கூடாது, என் கதவில் எக்காரணம் கொண்டும் தட்டக்கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவன் நான். அது எவ்வளவு ஒழுங்காக நடந்தது என்றால், மதுரா பள்ளிக்கூடத்திலும் குசுகுசுத்தே பேசுகிறாள் என்று ஆசிரியை ஒருமுறை கடிதம் அனுப்பினார். அன்று நாங்கள் அதை நினைத்துச் சிரித்தோம்.

வேலையில் இன்னொரு சட்டம் உண்டு. அதைச் சொன்னால்தான் பிறகு நடந்தது விளங்கும். ஒரு இயந்திரத்துக்குள் இறங்க முதல் அதன் பிரதான சுவிச்சை நிறுத்தி, அதில் எங்களுடைய சொந்தப் பூட்டைப் போட வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு சிவப்புப் பூட்டு, அதைத் திறக்க ஒரே ஒரு திறப்பு. பூட்டில் எங்கள் படம் போட்ட அட்டை தொங்கும். இந்த மனிதர் உள்ளே வேலை செய்கிறார், கை வைக்காதே என்று அதில் எழுதியிருக்கும். போட்டவர்தான் கழற்றலாம். முதலாளி வந்தாலும் தொட முடியாது. ஒரு மனிதன் உயிரோடு வெளியே நிற்கிறான் என்று கண்ணால் காணும்வரை அந்த இயந்திரம் நின்றது நின்றதுதான். எனக்கு இந்தச் சட்டம் மிகவும் பிடிக்கும். இத்தனை பேர் வேலை செய்கிற இடத்தில் என் முகத்துக்கு இவ்வளவு மரியாதை தருகிற வேறு பொருள் கிடையாது.

3

களனியில் எங்களுக்குப் பூட்டெல்லாம் இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சவர்க்காரத் தொழிற்சாலை. அங்கே மோட்டரைத் திறக்க முதல், மின்பலகையிலிருந்து அதன் பியூஸைக் கழற்றிக் காற்சட்டைப் பொக்கற்றில் போட்டுக்கொள்வோம். உள்ளங்கை அளவு வெள்ளைப் பீங்கான் கட்டை. அது உங்கள் பொக்கற்றில் இருக்கிறவரை ஒருவனும் கரண்ட் விட முடியாது. நல்ல முறைதான். வேலை முடிந்ததும் திரும்ப மாட்ட மறக்காமல் இருந்தால்.

நான் மறப்பேன். ஒரு தரம், இரவு ஷிப்ட் முடிந்து, இரண்டு பஸ் பிடித்துப் புறக்கோட்டை வழியாக இதே வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். பியூஸும் என்னோடு வந்துவிட்டது. தொழிற்சாலையிலிருந்து போன் வந்தபோது எடுத்தவன் குகன். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. அன்று அவன் படித்த பள்ளிக்கூடத்தின் பெரிய கிரிக்கெட் ஆட்டம். புதுச் சேர்ட் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டு நின்றவன், நான் நித்திரை என்பதற்காக என்னை எழுப்பாமல், என் காற்சட்டையைத் தடவிப் பியூஸை எடுத்துக்கொண்டு களனிக்குப் போனான்.

அந்தக் காலத்தில் கொழும்பில் எத்தனை சோதனைச் சாவடி என்று இதை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தமிழ்ப் பெடியன் ஒருவன், பொக்கற்றில் செப்புக் கம்பி சுற்றிய பீங்கான் கட்டை. சாவடியில் நின்றவர் அதைத் தூக்கிப் பிடித்து, "மேக்க மொகத?" என்று கேட்டாராம். இது என்ன?

"பியூஸ் எக்கக் மாத்தயா." ஒரு பியூஸ் சேர்.

"காகேத?" யாருடையது?

"அய்யாகே." அண்ணனுடையது.

"அய்யா கோ?" அண்ணன் எங்கே?

"அய்யா நிதாகன்னவா." அண்ணன் நித்திரை.

இந்தப் பதிலை யார் நம்புவார்கள்? பின்னேரம் வரை இருத்திவைத்துவிட்டு, தொழிற்சாலையோடு கதைத்த பிறகுதான் விட்டார்கள். ஆட்டம் முடிந்துவிட்டது. பியூஸைக் கொடுத்துவிட்டு இரவு வீட்டுக்கு வந்தவன் என்னிடம் ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லவில்லை. நான் அடுத்த இரவு ஷிப்டுக்குக் காற்சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். "இனி வரேக்கை பொக்கற்றைப் பாத்திட்டு வாங்கோ அண்ணை" என்றான். அவ்வளவுதான்.

இந்தக் கதையை நான் என் மகளுக்கு ஒருபோதும் சொன்னதில்லை. வெட்கம். ஆனால் அவளுக்குத் தெரியும். சாவடிக்காரரின் குரலோடு, குகன் சொல்கிற அதே ஏற்ற இறக்கத்தோடு, சிங்களத்தையும் சேர்த்து அவள் நடித்துக் காட்டுவாள். என் கதையை என் வீட்டில் அவன் கொண்டுவந்து இறக்கிவைத்திருக்கிறான்.

4

போன மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை காலை நடந்தது இது. நான் அப்போது நித்திரை. ஆகவே மற்றவர்கள் துண்டு துண்டாகச் சொன்னதை ஒட்டித்தான் எழுதுகிறேன்.

அந்த வாரம் லீவு நாட்களிலும் இரவில் மேலதிக வேலைக்குப் போயிருந்தேன். கலண்டரில் அந்தச் சனி மஞ்சள். அதாவது நான் பகல் வேலையில் இருக்க வேண்டிய நாள். ஆனால் என்னோடு வேலை செய்யும் இன்னொருவர் அவசரம் என்று கேட்டதால், அவருடைய வெள்ளி இரவை நான் எடுத்துக்கொண்டு என் சனிப் பகலை அவருக்குக் கொடுத்தேன். மனைவிக்குச் சொன்னேன். கலண்டரில் திருத்தவில்லை. விடியும்போது, மா பொங்கும் அறையில், மாவை நகர்த்தும் நீளப் பட்டியில் ஒரு பழுது. பூட்டைப் போட்டுவிட்டு உள்ளே ஊர்ந்து போய்ச் செய்தேன். முடித்து வெளியே வந்தபோது ரொடெல், பிலிப்பைன்ஸ்காரர், அன்றைய இரவு ஷிப்டில் என் கூட்டாளி, "வா, வீட்டில் இறக்கிவிடுகிறேன்" என்றார். என் காரை மனைவி வேலைக்கு எடுத்துப் போகிற நாள் அது. அவருடைய கதவு அட்டையால் வாசல் திறக்க, கதைத்தபடி நானும் அவர் பின்னாலேயே வெளியேறிவிட்டேன். என் கதவு அட்டையை நான் தேய்க்கவில்லை. வீட்டுக்கு வந்து, பக்கக் கதவால் நேரே நிலக்கீழ் அறைக்குப் போய்ப் படுத்தேன். போன் சத்தம் நிறுத்தியிருந்தது.

பட்டியின் சுவிச்சில் என் பூட்டும் என் படமும் தொங்கிக்கொண்டிருந்தன.

பத்து மணிபோல அந்தப் பட்டியை ஓட்டப் போனவர்கள் அதைக் கண்டார்கள். நான் உள்ளே என்று படம் சொல்கிறது. கதவுக் கணினியும் நான் வெளியே போகவில்லை என்கிறது. கூப்பிட்டார்கள், பதில் இல்லை. முழுத் தொழிற்சாலையையும் நிறுத்திவிட்டு, லைட் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு இயந்திரத்துக்குள்ளும் என்னைத் தேடினார்கள். எதைத் தேடினார்கள் என்று நான் எழுத விரும்பவில்லை.

ரொடெலும் நித்திரை, போனை எடுக்கவில்லை. சுப்பவைசர் என் மனைவிக்கு எடுத்திருக்கிறார். வேலை நேரத்தில் மனைவியின் போன் பெட்டிக்குள் இருக்கும். அவசரத்துக்கு நான் கொடுத்திருந்த இரண்டாவது இலக்கம் மதுராவுடையது. பதினேழு வயதுப் பிள்ளை, சனிக்கிழமை, அப்போதுதான் எழும்பிப் பால் ஊற்றிக்கொண்டிருக்கிறாள்.

அப்பா வீட்டில் இருக்கிறாரா என்று சுப்பவைசர் கேட்டார். அவள் ஃபிரிட்ஜைப் பார்த்தாள். மஞ்சள். இல்லை, வேலையில் என்றாள்.

கடைசியாக அவரை எப்போது பார்த்தாய்?

அவள் யோசித்திருக்கிறாள். பிறகு, செவ்வாய்க்கிழமை என்றாள்.

நாங்கள் ஒரே வீட்டில் இருக்கிறோம்.

சுப்பவைசரின் குரல் மாறியதிலேயே அவளுக்கு ஏதோ விளங்கிவிட்டது. போனை வைத்துவிட்டு அவள் செய்த முதல் காரியம், கொழும்பில் இருக்கும் சித்தப்பாவுக்கு எடுத்தது. வெள்ளவத்தையில் அப்போது இரவு எட்டு மணி. அவன் சாப்பிட உட்கார்ந்த நேரம்.

"சித்தப்பா, அப்பாவைக் காணேல்லையாம். அவரின்ரை பூட்டு மெசினிலை இருக்காம். ஆளைக் காணேல்லையாம்."

குகன் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லையாம்.

"அழாதை பிள்ளை. கீழை போய்ப் பார். படுத்திருப்பார்."

"இண்டைக்கு மஞ்சள் சித்தப்பா. வேலை நாள்."

"மஞ்சளோ பச்சையோ, நீ கீழை போ. அவரின்ரை காற்சட்டைப் பொக்கற்றிலை திறப்பு இருக்கும். எனக்குத் தெரியும்."

"கதவிலை தட்டக்கூடாது."

"இண்டைக்குத் தட்டு மது. நான் சொல்லுறன், தட்டு."

அவள் தட்டினாள். நான் எழும்பினேன். கதவைத் திறந்ததும் என் வாயிலிருந்து வந்த முதல் சொற்கள், "எத்தினை தரம் சொல்லியிருக்கிறன்?" என்பவை.

மதுரா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெள்ளையாக இருந்தது. அவள் கையிலிருந்த போனிலிருந்து என் தம்பியின் குரல் கேட்டது.

"இருக்கிறாரோ பிள்ளை?"

"ஓம் சித்தப்பா" என்றாள். "ஏசுறார்."

அவன் சிரித்தான். பிறகு அவளும் சிரித்தாள், அழுதுகொண்டே. நான் இடுப்பில் கட்டிய சாரத்தோடு நின்றேன். அந்தச் சிரிப்புக்குள் எனக்கு இடம் இருக்கவில்லை.

5

வாடகைக் கார் பிடித்துப் போய், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க என் பூட்டை நானே கழற்றினேன். ரொடெலையும் வீட்டிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். அவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். சுப்பவைசர் ஒரு மாப்பெட்டியின் மேல் இருந்து, கொஞ்ச நேரம் எழும்பவில்லை. மூன்று நாள் வேலைக்கு வரவேண்டாம், பூட்டுப் பயிற்சியைத் திரும்பவும் எடு என்றார்கள். அது நியாயம். வேலை போகாததே அதிசயம்.

பிறகு விசாரணைப் படிவம் வந்தது. ஏழு பக்கம். அதில் ஒரு வரி: குடும்பத்தினர் கடைசியாகக் கண்டது, செவ்வாய்க்கிழமை. அது உண்மை என்று நான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அவசரத் தொடர்பு இலக்கங்களைப் புதுப்பிக்கவும் ஒரு தாள் தந்தார்கள். வீட்டில் அதை நிரப்பிக்கொண்டிருந்தபோது மதுரா எட்டிப் பார்த்து, "சித்தப்பாவின்ரை நம்பரையும் போடுங்கோ அப்பா. அவருக்குத்தான் தெரியும்" என்றாள். பகிடிக்குச் சொன்னாளா, உண்மையாகவா என்று தெரியவில்லை. நான் தாளை மடித்து எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டேன்.

நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் எனக்கு வந்தது பொறாமை. மகள் பதறியபோது தாங்கிக்கொண்டவன் அவன். பத்து மணித்தியால வித்தியாசத்தில் இருந்துகொண்டு நான் எங்கே என்று சொன்னவனும் அவன். நான் பதினான்கு படி கீழே இருந்தேன்.

வெள்ளவத்தைக்கு வந்த பிறகு அது இன்னும் மோசமாகிவிட்டது. குகன் கல்யாணம் செய்யவில்லை. புறக்கோட்டையில் ஒரு மின்சாதன மொத்தக்கடையில் காலை ஒன்பதிலிருந்து ஆறு வரை வேலை. ஆறுக்குப் பிறகு அவன் மனிதன். வெளிச்சத்தில் எழும்பி இருட்டில் படுக்கிறான். ஞாயிறு என்றால் ஞாயிறுதான். இதற்கே எனக்கு அவன் மேல் பொறாமை வரும். அதற்கு மேல், மதுராவுக்குக் கத்தரிக்காய் சாப்பிட்டால் வாய் கடிக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவளுடைய சிநேகிதிகளின் பெயர்கள் வரிசையாகத் தெரிகிறது. இரண்டாம் நாள் சாப்பிடும்போது சாதாரணமாகக் கேட்கிறான், "திருப்பி எப்ப பிள்ளை ட்ரைவிங் டெஸ்ற்?" ஒருமுறை எழுதிப் பெயிலானதே எனக்குத் தெரியாது. நான் தெரிந்தமாதிரித் தலையாட்டினேன். மதுரா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய தமிழும் இப்போது அவனுடைய தமிழ். கடைக்காரரிடம், காசு என்று சொல்லாமல், "சல்லி எவ்வளவு?" என்கிறாள். பின்வீட்டுச் சிங்களப் பையனை, தம்பி என்பதற்கு "மல்லி" என்று கூப்பிடுகிறாள். தமிழ் வகுப்புக்கு, வேலையில்லாத சனிகளில் நான் காரில் கொண்டுபோய் இறக்கி, வெளியே காரிலேயே குறட்டை விட்ட வருடங்களில் வராத தமிழ்.

நாலாம் நாள் காலை, தேநீர் போடக் குசினிக்கு வந்தபோது அதைக் கண்டேன். அடுப்புக்குப் பக்கத்தில், அவனுடைய கடைக் கலண்டர். ஒவ்வொரு நாளின் மூலையிலும் பென்சிலால் ப, இ, லீ. என் ஷிப்ட். இந்த மாதம் மட்டுமல்ல. தை மாதத்திலிருந்து புரட்டிப் பார்த்தேன், எல்லா மாதமும் இருந்தது. சில நாட்களில் ஒரு கறுப்புப் புள்ளி.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துக் கதைப்பதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். குகன் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

"என்னடா இது?"

"உங்கடை ஷிப்ட். பிள்ளை மாசாமாசம் படம் எடுத்து அனுப்புறவள்."

"உனக்கு ஏன் என்ரை ஷிப்ட்?"

"நித்திரை நேரம் போன் அடிச்சா ஏசுவியள் எண்டுதான்."

"அப்ப முழிச்ச நேரம் எனக்கு எடுக்கலாம்தானே? மூண்டு வருசமா நீ எனக்கெண்டு ஒரு கோல் எடுத்தனியோ? எல்லாம் அவளுக்குத்தான்."

அவன் துவாயால் முகத்தைத் துடைத்தான். அவசரப்படவில்லை. அவன் எப்போதும் அப்படித்தான்.

"முழிச்ச நேரம் பாத்தா வேலையிலை நிப்பியள். வேலையில்லாத நேரம் நித்திரை. ரெண்டும் இல்லாத நேரம் உங்களுக்குக் கோவம். நான் எங்கை அண்ணை எடுக்கிறது?"

கறுப்புப் புள்ளியைக் காட்டினேன்.

"அது நீங்களும் அண்ணியும் ரெண்டு பேரும் வேலையிலை நிக்கிற இரவுகள். அவள் தனியச் சாப்பிடுறவள். அங்கை எட்டு மணி, இங்கை விடியக் காலமை. நான் எழும்பித் தேத்தண்ணி போட்டுக்கொண்டு இருப்பன். அவள் சாப்பிட்டு முடியும் மட்டும் ஏதும் கதைப்பம். போனைத் தண்ணிப் போத்தலோடை சாத்தி உங்கடை கதிரைக்கு முன்னாலை வைப்பாள்."

என் கதிரை. நான் அதில் எப்போதாவதுதான் இருக்கிறேன் என்பது உண்மைதான். அதற்காக?

"எப்ப தொடக்கம்?"

"ரெண்டு வருசம் இருக்கும். முதல்லை அவள்தான் ஒருநாள் எடுத்தவள். அப்பா சின்னனிலை எப்பிடி எண்டு கேட்டு. அப்பதான் பியூஸ் கதை சொன்னனான்."

நான் தேநீரைக் குடிக்காமலே வெளியே போய், கடற்கரைத் தண்டவாளம் வரை நடந்துவிட்டு வந்தேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து என் நித்திரையைக் காவல் காத்திருக்கிறார்கள். அது எனக்காகச் செய்தது. நெஞ்சு நிறைந்திருக்க வேண்டும். நிறையவில்லை. விடியற்காலையில் என் மகளின் இராச்சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டு தேநீர் குடிக்கிறவனாக நான் இருக்க வேண்டும் என்றுதான் எரிந்தது. என்னைப் பற்றி அவள் கேட்க நினைத்தபோதும் அவனிடம்தான் கேட்டிருக்கிறாள்.

6

இதுவரை எழுதிவிட்டு வைத்திருந்தேன். வடை வந்ததும் மூடிவைத்தது. அன்றைக்கே, பின்னேரம் நடந்ததையும் எழுதிவிட்டு இதை அனுப்புகிறேன்.

குகனின் வீட்டு ஹோலில் ஃபேன் ரெகுலேட்டர் பழுது. கடற்காற்றில் உள்ளே எல்லாம் உப்புப் பூத்துப்போய், ஃபேன் பறக்கும், அல்லது நிற்கும். மின்சாதனக் கடையில் வேலை செய்கிறவன் வீட்டில் இந்த நிலை. புது ரெகுலேட்டரை அவனே ஒரு மாதத்துக்கு முதல் கொண்டுவந்து வைத்திருக்கிறான், பூட்ட ஆளில்லை. நான் பூட்டுகிறேன் என்றேன். நான் செய்யக்கூடியதும் அவன் செய்ய முடியாததுமான ஒன்று அந்த வீட்டில் அது மட்டும்தான்.

இந்த வீட்டின் மின்பலகை நான் விட்டுப் போன அதே பழைய பலகை. வெள்ளைப் பீங்கான் பியூஸ்கள் வரிசையாக. ஹோலும் குசினியும் ஒரே பியூஸில். அதைக் கழற்றினேன். ஃபேன் நின்றது, குசினி லைட் அணைந்தது. பழக்கத்தில் கை பொக்கற்றுக்குப் போனது. மதுரா பலகைக்குக் கீழே நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஏதோ தோன்றியது. பொக்கற்றில் போடவில்லை.

"இந்தா" என்று அவள் கையில் கொடுத்தேன். "நான் வேலை முடிச்சுக் கேக்கும் மட்டும் இது உன்னட்டை இருக்க வேணும். ஒருத்தருக்கும் குடுக்கக்கூடாது."

"ஒருத்தருக்குமோ?"

"ஒருத்தருக்கும்."

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கதையில் கேட்ட பொருளை முதல்முறையாகக் கையில் பிடிக்கிறாள் போல. பிறகு இரண்டு கையாலும் நெஞ்சோடு பொத்திக்கொண்டு, நான் ஏறிய கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். நான் சுவரில் மூடியைக் கழற்றினேன்.

ஞாயிறு மூன்று மணி வெயில். ஃபேன் இல்லாத ஹோல் கொதித்தது. கொஞ்ச நேரத்தில் குகன் குசினியிலிருந்து வந்தான். சேர்ட்டைக் கழற்றியிருந்தான், வியர்வை வழிந்தது. அவன் தொடங்கிய சமையல் பாதியில் நின்றது. அரைக்க வேண்டுமாம்.

"அண்ணை, ஒரு ரெண்டு நிமிசம் போடுவமோ? சம்பலை அரைச்சிட்டுத் திருப்பிக் கழட்டுவம். பிள்ளை, அதை இங்கை தா."

அவன் கையை நீட்டினான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்குரூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் என் காது முழுக்கப் பின்னால் இருந்தது.

"ஏலாது சித்தப்பா" என்றாள் மதுரா. "அப்பா வேலை செய்யிறார்."

"ரெண்டு நிமிசம்தானே மது."

"அப்பா கேட்டாத்தான் குடுப்பன். நீங்கள் கேட்டாலும் குடுக்கமாட்டன்."

குகன் சிரித்துக்கொண்டு கையை எடுத்துவிட்டு, விசிறிக்கொள்ள ஒரு பேப்பரைத் தேடிப் போனான். அவனுக்கு அது ஒன்றுமில்லை. அவனுக்கு எல்லாமே ஒன்றுமில்லைதான்.

ஒரு ரெகுலேட்டர் மாற்றுவது பத்து நிமிட வேலை. கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். வயரை இணைத்து, இறுக்கி, மூடியையும் பூட்டிவிட்டேன். பிறகு மூடியைத் திரும்பவும் கழற்றினேன்.

"என்னப்பா, பிழையோ?" என்று கேட்டாள். என் முழங்காலோடு ஒட்டி நின்றாள், பியூஸைப் பொத்தியபடி.

"பழைய வயர் பிள்ளை. வடிவாப் பாக்கவேணும்" என்றேன். "களனியிலை நாங்கள் இதை எப்பிடிச் செய்யிறனாங்கள் எண்டு சித்தப்பா சொல்லியிருக்கமாட்டான். அவனுக்குத் தெரியாது. அவன் வாசலிலை குடுத்திட்டு வந்தவன்தானே."

"சொல்லுங்கோ."

சொன்னேன். குசினியிலிருந்து குகன் கேட்டான், "இன்னும் முடியேல்லையோ அண்ணை? வேகுது."

"இல்லையடா" என்றேன். "கொஞ்சம் கூடப் பழுதாய்க் கிடக்கு."

நாற்பது நிமிடம் எடுத்தேன்.